ஒலிக்காத எழுத்து

வெளிநாட்டு நர்ஸ் வேலைக்கான ஆங்கிலப் பரீட்சைக்கு ஜெயசீலி படித்துக்கொண்டிருந்தாள். ஒலிக்காத எழுத்துள்ள சொற்களை அர்த்தத்தோடு நோட்டில் எழுதி வைத்திருந்தாள். கணவன் அமல்ராஜ் ஒவ்வொன்றாகக் கேட்டான்.

"கோம்ப்?"

"கோம். சீப்பு. கடைசி பி-யை எழுதணும், சொல்லக் கூடாது."

"டூம்ப்?"

"டூம். கல்லறை."

"சொல்லாத எழுத்த எந்த மடையன் எழுதி வச்சான்? தூக்கிட வேண்டியதுதானே?"

"தூக்கிட்டா அது அந்த வார்த்தையே இல்லங்க."

நோட்டை மூடிவிட்டு விண்ணப்பத்தை எடுத்தாள். பெற்ற பிள்ளைகள் எத்தனை என்று எழுத்தால் எழுதச் சொல்லியிருந்தார்கள். வாசலில் மகள் ஸ்கிப்பிங் ஆடிக்கொண்டிருந்தாள். அவளுக்கு அடுத்துப் பிறந்தவன் அழவே இல்லை. டாக்டர் அவனைப் புரட்டிப் புரட்டித் தட்டியதை ஜெயசீலி பார்த்துக்கொண்டுதான் கிடந்தாள். அதன்பின் அந்த வீட்டில் யாரும் அவனைப் பற்றிப் பேசியதில்லை.

"ஒண்ணுன்னு போடு, சீலி," என்றான் அமல்ராஜ் மெதுவாக.

அவள் டி எழுதினாள். அடுத்து டபிள்யூ. பேனா அங்கேயே வெகுநேரம் நின்றது. பிறகு ஓ போட்டு முடித்தாள்.

அமல்ராஜ் குனிந்து வாசித்தான்.

"டூ."

நடுவில் இருந்த எழுத்தை அவனும் சொல்லவில்லை.