அருளப்பன் பத்திரம்

அருளப்பன் தூத்துக்குடித் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவன். அவனது அடுத்த இருபது வருடச் சம்பளத்தை ஈடாக வைத்து வெளியிட்ட கடன்பத்திரங்களைத் தெருவில் பாதிப்பேர் வாங்கி வைத்திருந்தார்கள். அவனுக்கு உடம்பு சரியில்லை என்று தெரிந்தால் விலை இறங்கிவிடும். எதிர்வீட்டு மரிய டீச்சரின் ஓய்வுக்காலச் சேமிப்பு முழுவதும் அதில்தான் இருந்தது.

அதனால் ஒரு மாதமாக வரும் நெஞ்சுவலியை அவன் யாரிடமும் சொல்லவில்லை. வலி வந்தால் குளியலறைக்குப் போய், குழாயைத் திறந்துவிட்டு உட்கார்ந்துகொள்வான்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் விலை மளமளவென்று சரிந்தது. தெருவே அவன் வாசலுக்கு வந்துவிட்டது.

“எனக்கு ஒண்ணுமில்ல டீச்சர். குத்துக்கல்லாட்டம் இருக்கேன்,” என்றான் அருளப்பன்.

டீச்சர் போனை அவன் முன் நீட்டினார். “பெறவு எதுக்குப்பா உன் வீட்டுக்காரி தன் பத்திரம் பூராத்தையும் வித்துட்டா?”

அவன் திரும்பிப் பார்த்தான். உள்ளே பிலோமி அவனுடைய கைலியையும் துண்டையும் பையில் வைத்துக்கொண்டிருந்தாள்.

“ஆஸ்பத்திரில முன்பணம் கட்டச் சொல்லுதாங்க,” என்றாள். “குழாய எதுக்குத் தொறந்து விடுதீங்கன்னு எனக்குத் தெரியாதா?”