துருப்பிடித்த கத்தி

“எட்டு மாசமா எனக்கு இதே துருப்பிடிச்ச கத்தி. நேத்து வந்த மந்திரவாதிக்கு நெருப்பு வாளா?”

வீரர் பகடையை மேசையில் வீசினார். ஞாயிறு தவறாமல் ஆளுக்கொரு வேடம் ஏற்று ஆடும் கதை விளையாட்டு. யாருக்கு எந்த ஆயுதம் என்பதை ஆட்டத்தை நடத்துபவர்தான் முடிவு செய்வார். அங்கே எல்லோருக்கும் வேடத்தின் பெயர்தான்.

“புதுசா வர்றவங்களுக்கு நல்லதா குடுத்தாத்தான் நிப்பாங்க, வீரரே” என்றார் நடத்துபவர்.

“அப்ப நான் இளிச்சவாயனா?”

“நீங்க எப்படியும் இருப்பீங்க. கத்தி இன்னும் வெட்டுதுல்ல?”

“குகை குகையா மாடா உழைச்சவன் நான்!”

“தெரியும். அடுத்த வருஷம் பாக்கலாம்.”

“ஒரு மனுஷன் இப்படியா பேசுவான்?”

“நீங்கதான் சார் பேசினீங்க. வெள்ளிக்கிழமை உங்க ரூம்ல, என் உடைஞ்ச நாற்காலியை மாத்தித் தரச் சொல்லிக் கேட்டப்ப.”

வீரராக ஆடிய மேனேஜர் குனிந்து பகடையைப் பொறுக்கினார்.

திங்கட்கிழமை காலை நடத்துபவரின் ஆபீஸ் மேசைக்கு வேறு நாற்காலி வந்தது. அடுத்த ஞாயிறு குகையில் வீரருக்கு நெருப்பு வாள் கிடைத்தது.

நாற்காலி, ரிட்டையர் ஆனவர் விட்டுப்போனது. வாளும் செத்துப்போன பூதத்துடையதுதான்.