மூன்றாவது ஜன்னல்

அந்த ஆள் இப்போது இரண்டாவது ஜன்னலுக்கு வந்துவிட்டான்.

சற்று முன்பு முதல் ஜன்னலில் அவனைப் பார்த்தபோது, யாரோ வேடிக்கை பார்க்கிறான் என்றுதான் கணவன் நினைத்தான். விடிந்தும் விடியாத பொழுது. வெளியே அடர்ந்த மூடுபனி. இடுப்புக்கு மேலேதான் உருவம் தெரிந்தது. தலையை மூடிய மழைக்கோட்டு, கையில் நீளமாக ஒரு கம்பு, இந்தப் பக்கமே திரும்பியிருக்கிற முகம்.

"ஏங்க, அவன் நடக்கவே இல்லைங்க," என்று மனைவி கிசுகிசுத்தாள். "கண்ணை எடுக்காம பாத்துக்கிட்டு இருக்கேன். ஆடல, அசையல. ஆனா அங்க இருந்தவன் இங்க இருக்கான்!"

"மெதுவா பேசு. பாப்பா காதுல விழப்போகுது."

சொன்னானே தவிர, அவன்தான் அவளைவிடப் பயந்தவன். இன்சூரன்ஸ் ஆபீசில் வேலை. எதைப் பார்த்தாலும் அதில் ஒரு விபத்து தெரியும். பக்கத்து வீட்டுப் பூட்டையும் ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் படியிறங்குவான். இப்போது தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு, பெரிய பெட்டியைக் கதவோடு சேர்த்துத் தள்ளி வைத்தான்.

"கரையில அத்தனை டென்ட் இருக்கு, மனுஷங்க பக்கத்துல இருப்போம்னு தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன். ஆத்து மேலயே தூங்கணும்னு ஒத்தக்கால்ல நின்னது நீங்கதான்."

அது உண்மைதான். காலி டிரம்களின் மேல் பலகை போட்டுக் கட்டிய இந்த அறையை விளம்பரத்தில் பார்த்த நாளிலிருந்து அவன் அவனாக இல்லை. அவளோ வந்து இறங்கியதிலிருந்தே வசதிகளை எடை போட ஆரம்பித்துவிட்டாள். மெத்தை பரவாயில்லை. கழிப்பறை பாலம் தாண்டிக் கரையில் இருப்பது சரியில்லை. கீழே தடுப்பணைப் பக்கம் குளிக்கப் போகாதீர்கள் என்று மேனேஜர் வந்ததும் வராததுமாகச் சொன்னது அபசகுனம். துணி காயப்போட ஒரு கொடிகூட இல்லாதது மன்னிக்கவே முடியாத குற்றம்.

அவள் வாயை அடைக்கத்தான், இன்று எழுந்ததும் முதல் வேலையாக அவன் வெளியே போய், மூலைக் கம்பத்தில் சும்மா சுற்றிக் கிடந்த தடிமனான கயிற்றை அவிழ்த்துக்கொண்டு வந்தான். அறைக்குள்ளேயே குறுக்காக இழுத்துக் கட்டிக் கொடுத்தான். பாப்பாவின் ஈர கவுன் அதில் தொங்கிக்கொண்டிருந்தது.

மேனேஜருக்கு போன் போட்டான்.

"சார், யாரோ ஒரு ஆள் எங்க ரூமைச் சுத்தி வர்றான் சார். கையில கம்பு வச்சிருக்கான். உடனே வாங்க!"

"பயப்படாதீங்க சார். உங்களுக்கு டீ எடுத்துக்கிட்டு வந்துக்கிட்டேதான் இருக்கேன். நான் வந்து கூப்பிடற வரைக்கும் கதவைத் திறக்காதீங்க. லைன்லயே இருங்க."

பாப்பா போர்வையிலிருந்து தலையை நீட்டினாள். "அப்பா, ஒண்ணுக்கு வருது."

"கொஞ்சம் அடக்கிக்கடா கண்ணு. மேனேஜர் மாமா வந்துடட்டும்."

எங்கோ 'சோ'வென்று ஒரு சத்தம் கேட்க ஆரம்பித்தது.

"மழை வேற பிடிச்சுக்கிச்சு போல," என்றாள் மனைவி. ஆனால் கூரையில் ஒரு சொட்டு விழுந்த ஓசைகூட இல்லை. அதைக் கவனிக்கிற நிலையில் அங்கே யாரும் இல்லை. அந்த ஆள் மூன்றாவது ஜன்னலில் இருந்தான்.

இந்த முறை அவன் கம்பைக் கீழே போட்டான். இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கி வீசி வீசி ஆட்டினான். வாய் அகலத் திறந்து திறந்து மூடியது. என்ன கத்துகிறான் என்பது அந்தச் சத்தத்தில் எடுபடவில்லை.

"ஐயோ, நம்மளை வா வான்னு கூப்பிடறான்!" மனைவி பாப்பாவை வாரி அணைத்துக்கொண்டு கண்களை இறுக்க மூடினாள். ஆபீசிலேயே இன்சூரன்ஸ் போடாத ஒரே ஆள் தான்தான் என்பது கணவனுக்கு அந்த நேரம் பார்த்து ஞாபகம் வந்தது.

மறுபடி அவன் நிமிர்ந்து பார்த்தபோது ஜன்னலில் வெறும் பனிதான் இருந்தது.

"போயிட்டான்," என்றான். போன உயிர் பாதி திரும்பி வந்திருந்தது. "ஆள் வர்ற அரவம் கேட்டு ஓடிட்டான்."

"அப்பா, இனிமே முடியாதுப்பா." பாப்பா அம்மாவின் பிடியிலிருந்து நழுவி ஓடி வந்து கதவருகே நின்று குதித்தாள்.

"இதோ, இதோ." பெட்டியை நகர்த்தினான். ஒரு கையில் பாப்பாவின் கை, காதுக்கும் தோளுக்கும் நடுவே போன், இன்னொரு கை தாழ்ப்பாளில். "சார், வந்துட்டீங்களா? பாப்பாவுக்கு அவசரம், கதவைத் திறக்கப் போறேன்."

போனில் மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. அடுத்து, ஏதோ தட்டோடு விழுந்து உடைகிற சத்தம்.

"சார்... இப்ப நீங்க எங்க சார் இருக்கீங்க?"

"என்ன கேள்வி சார் இது? ரூமுக்குள்ளதான். நீங்க எங்க இருக்கீங்க?"

"உங்க பாலத்து மேலதான் சார் நிக்கிறேன்... ரூமைக் காணோம்!"