படித்தவர்கள் வேண்டாம்

பலெர்மோவில் என் இத்தாலிய எஜமானி சிஞ்ஞோராவின் வீட்டை இரண்டு வருடமாகக் கூட்டித் துடைக்கிறேன். அவள் ஒரு வேலைக் கடிதத்தில் கையெழுத்து வைத்தால் போதும், இத்தாலியில் இருக்க எனக்கு பெர்மெஸ்ஸோ என்ற அனுமதி கிடைத்துவிடும். விசா இல்லாதவர்களுக்காக அரசாங்கம் திறந்த இந்த 1996 பதிவுக்குச் சனிக்கிழமை கடைசி நாள்.

“பட்டதாரிக்குக் கடிதம் குடுத்தால் அடுத்த நாளே வாய் காட்டுவாள்,” என்று ஆறு மாதமாக இழுத்தடித்தாள். எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரி நான். அதை அவளிடம் பெருமையாகச் சொன்னதுதான் நான் செய்த முட்டாள்தனம்.

வியாழக்கிழமை அவளே எனக்குக் கோப்பி போட்டுத் தந்தாள். எனக்கென்று ஒதுக்கிய பிளாஸ்டிக் கப்பில் அல்ல, தன் பீங்கான் கப்பில். எனக்குப் பயம் பிடித்துவிட்டது.

“கேசிகா, கனடாவிலை சாப்பாட்டுக்கடை வைச்சிருக்கிற உன்ரை அண்ணா சுகமோ?”

“ஓம், சுகம்.”

பூட்டி வைத்திருந்த டெலிபோனைத் திறந்தாள். என் கடிதத்தையும் பேனாவையும் கையில் வைத்துக்கொண்டு விஷயத்தைச் சொன்னாள். நான் அண்ணாவுக்கு எடுத்தேன்.

“அண்ணா, கடையிலை கோப்பை கழுவ ஆள் வேணுமெண்டனீங்களெல்லோ? ஒராளுக்கு வேலைக் கடிதம் குடுப்பீங்களோ? அது இருந்தால் கனடாவிலை நிரந்தரமா இருக்கலாமாம்.”

“ஏன், நீயோ வரப்போறாய்?”

“நானில்லை. சிஞ்ஞோராவின்ரை மகன். வக்கீலுக்குப் படிச்சுப்போட்டு அஞ்சு வருசமா வீட்டிலை படுத்திருக்கிறான்.”

“படிச்சவனோ? வேண்டாமடி, வாய் காட்டுவான்.”

தமிழ் விளங்காத சிஞ்ஞோரா என் தோளைப் பிடித்து உலுக்கினாள். “என்னவாம்? என்ன சொல்லுறார்?”

“ஓமாம்,” என்றேன். “நீங்கள் கையெழுத்தை வையுங்கோ.”