மூக்கு நுனி

செங்கமலம் கோழி இறகைக் காவிக் குழம்பில் தோய்த்து, கலைமணியின் நெற்றியில் முதல் கோட்டை இழுத்தாள்.

வலது புருவத்துக்கு மேல் கொப்புளங்கள் கொத்துக் கொத்தாகச் சிவந்திருந்தன. இறகு பட்டதும் அந்த ஆறடி ஆள் குழந்தையைப் போல முனகினான்.

“நெருப்ப வச்சுத் தேய்க்கிற மாதிரி கீதுக்கா. நீ அக்கி எழுதினா எறங்கிடும்னு மண்ணூர் பூரா சொல்றாங்க.”

அக்கி எழுதக் கேட்டு வந்தவரைத் திருப்பக் கூடாது. குயவர் வீட்டுக் கட்டுப்பாடு அது. சாமியைக் கும்பிட்டுவிட்டுத்தான் அவளும் இறகைத் தொட்டாள்.

இது யார் வீடென்று அவனுக்குத் தெரியாது. ஒரகடத்துக் கம்பெனியில் அவன் சூப்பர்வைசர். போன வருஷம் இதே கொப்புளங்களோடு லீவு கேட்டு நின்ற அவள் புருஷன் எல்லப்பனை, “மூஞ்சில பரு வந்தா லீவாடா, ஹீரோ?” என்று விரட்டியதும், லைனே சிரித்ததும் அவனுக்கு எங்கே நினைவிருக்கும்?

அன்று அவளும் புருஷனுக்கு நம்பிக்கையோடுதான் அக்கி எழுதினாள். ஒருவழியாக லீவு கிடைத்து ஆஸ்பத்திரிக்குப் போனபோது, டாக்டரம்மா தலையில் அடித்துக்கொண்டார்.

சின்ன வயதில் அம்மை போட்டபோது நரம்பில் ஒளிந்துகொண்ட கிருமியாம் இது. அதற்குக் கால் கிடையாது. தன்னிடமுள்ள புரதத்தைக் கொக்கி போல மாட்டி, நரம்புக்குள் சரக்கு இழுக்கும் வண்டிகளில் தொற்றிக்கொண்டு போகுமாம். மூக்கு நுனிக்கும் கண்ணுக்கும் ஒரே பாதை. நுனியில் கொப்புளம் கண்டால் அன்றே மருந்து தொடங்க வேண்டும். தள்ளிப்போட்டால் பார்வை போகும்.

எல்லப்பனுக்கு ஒரு கண் போயிற்று.

அதன்பின் முகத்தில் அக்கி என்று வந்த எவருக்கும் அவள் காவி குழைத்ததில்லை. கட்டுப்பாட்டையும் மீறி ஆஸ்பத்திரிக்கே அனுப்பினாள்.

இன்று குழைத்திருந்தாள்.

உள்ளேயிருந்து எல்லப்பனின் குரல் வந்தது. முனகலிலேயே ஆளைக் கண்டுகொண்டிருந்தான்.

“கமலம், நம்ம சார்தானே? மூக்கு நுனில எதுனா கீதான்னு பாருமே. வந்திருந்தா சொல்லு, நானே கூட்டிக்கினு போறேன். பாவம், புள்ள குட்டிக்காரரு.”

அவள் குனிந்து பார்த்தாள்.

மூக்கு நுனியில், கடுகளவில், நீர் கோத்துப் பளபளவென்று ஒன்று.

இறகை இன்னொரு முறை தோய்த்து, அதன்மேல் காவியைத் தடிமனாகப் பூசி மூடினாள்.

“ஒன்னும் இல்லய்யா.”

கலைமணி நிம்மதியாக இரண்டு கண்களையும் மூடிக்கொண்டான்.