மூன்றாவது பதில்

வலிப்பு வந்ததுண்டா என்று சத்தமாகக் கேட்டுவிட்டு, கீபோர்டில் விரலை வைத்தபடி காத்திருந்தாள் சந்திரிகா.

மதுவந்தி ஓரக்கண்ணால் பக்கத்து நாற்காலியைப் பார்த்தாள்.

மயிலாப்பூரின் அந்தச் சின்னப் பிரசவ ஆஸ்பத்திரியில் இந்தத் தை மாதம்தான் கம்ப்யூட்டர் பதிவு ஆரம்பம். ப்ரோகிராம் எழுதியவள் மதுவந்தி. எட்டு மாத வயிற்றைத் தூக்கிக்கொண்டு வந்து, பதிவு மேஜைச் சந்திரிகாவுக்குக் காலையிலிருந்து சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பிரசவமும் இங்கேதான். முதல் பேஷண்டாக உன்னையே போட்டுவிடலாமே என்று டாக்டரம்மா சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனார்.

பக்கத்து நாற்காலியில் மாமியார் கோமளம், மடியில் ஃபிளாஸ்க்கோடு.

கேள்வி என்னவோ மதுவந்தி எழுதியதுதான்.

தி.நகர் ஆபீஸில் இதற்காகவே மேனேஜர் குருபிரசாத்தோடு இரண்டு வாரம் மல்லுக்கு நின்றாள். ஆம், இல்லை என்று இரண்டு பதில் போதுமே என்றார் அவர். போதாது என்றாள். யாரும் கேட்கவே இல்லையென்றால் அந்த இடம் காலியாக நிற்கும். காலி என்றால் இல்லை என்று எடுத்துக்கொள்வார்கள். பென்சிலின் ஆகாதவளுக்குப் பென்சிலினைப் போட்டுவிட்டுக் கையைப் பிசைவார்கள். அதனால் மூன்றாவதாக ஒரு பதில் வைத்தாள்: கேட்கவில்லை.

ஆம் என்றால் கடைசியாக எப்போது என்று தேதியும் வேண்டும். ஏற்றிய பதிலைத் திருத்தலாம், அழிக்க முடியாது.

இதை ஒரே ஒரு டேட்டா டைப்பாகச் செய்து வைத்தாள். கொழுக்கட்டைக்கு அச்சு ஒன்றுதான், பூரணம்தானே வேறு. சர்க்கரை, மஞ்சள் காமாலை, அலர்ஜி, வலிப்பு, எல்லாவற்றுக்கும் அதே அச்சு. இந்த மேஜையில் ஏறுகிற பதில் வார்டிலும் ஆபரேஷன் தியேட்டரிலும் ஃபார்மஸியிலும் அப்படியே தெரியும். பிரிண்ட் எடுத்து வீட்டாரிடம் ஒரு தாளும் கொடுப்பார்கள்.

வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதைதான்.

எட்டு வயதில் ஆரம்பித்த வலிப்பு. கடைசியாக வந்தது பிளஸ் டூ பரீட்சை சமயத்தில், ஒன்பது வருடத்துக்கு முன்னால். கணவன் ஷ்ரவண் வீட்டிலிருந்து பெண் பார்க்க வந்த அன்று அம்மா அவளை உள்ளே இழுத்துப்போய், மூச்சு விடாதே என்றாள். ஆயிரம் பொய் சொல்லியாவது ஒரு கல்யாணத்தைப் பண்ணலாமாம். அம்மா ஒன்றோடு நிறுத்திக்கொண்டாள், அந்த மட்டும் புண்ணியவதி. மாத்திரையும் அதோடு நின்றது.

இப்போது இல்லை என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது. ஆனால் இந்த ப்ரோகிராமுக்காக டாக்டரம்மாவிடம் உட்கார்ந்து கேட்டதில் ஒன்று தெரிந்து தொலைத்திருந்தது. பிரசவ நேரத்தில் வலிப்பு வந்தால் ரத்தக் கொதிப்பால் வந்தது என்றுதான் முதலில் நினைப்பார்கள். அதற்கு மருந்து வேறு, இதற்கு வேறு. இடையில் வீணாகிற ஒவ்வொரு நிமிஷமும் குழந்தைக்குத்தான் ஆபத்து.

ஆம் என்று சொன்னால் பக்கத்து நாற்காலிக்குக் கேட்கும்.

அந்த நாற்காலி லேசில் நகருமா? ஆறு மாதமாக இதே கூத்து. குளிக்கப் போனால் தாழ்ப்பாள் போடக்கூடாது, வெளியே முக்காலி போட்டுக்கொண்டு ஸ்லோகம் சொல்வாள். அடுப்பில் எண்ணெய் காய்ந்தால் மருமகள் அந்தப் பக்கம் போகக்கூடாது. பெசன்ட் நகர் பீச்சில் அலையில் கால் நனைக்கப் போனாலும் கூடவே வந்து கையைப் பிடித்துக்கொள்வாள். ஆபீஸுக்கும் பஸ்ஸில் கூட வந்து, வாசலில் விட்டுவிட்டுத்தான் திரும்புவாள். மருமகள் மேல் அத்தனை நம்பிக்கை!

தாகமாக இருக்கிறது, தண்ணீர் கொண்டு வருகிறீர்களா என்று மதுவந்தி கேட்டுப் பார்த்தாள். கோமளம் ஃபிளாஸ்க்கைத் திறந்து நீட்டினாள். டாக்டரம்மா உங்களைக் கூப்பிட்ட மாதிரி இருந்ததே என்றாள் மதுவந்தி. நிஜமாகவே கூப்பிட்டால் நர்ஸ் வந்து சொல்வாள் என்று பதில் வந்தது.

வேறு வழியில்லாமல், இந்தக் கேள்விக்கு மூன்றாவதையே போட்டுவிடு என்று சந்திரிகாவிடம் மெல்லச் சொன்னாள். தான் செய்ததிலேயே யோக்கியமான ஒன்றின் பின்னால் போய் ஒளிகிறோமே என்று தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

சந்திரிகா விழித்தாள். "நான்தான் கேட்டுட்டேனே, மேடம்?"

கேட்டதைக் கேட்கவில்லை என்று போடாதே என்று காலையிலிருந்து படித்துப் படித்துச் சொன்னது யார்?

வயிற்றுக்குள் ஒரு உதை விழுந்தது. போனால் போகட்டும் என்று நினைத்தாள் மதுவந்தி. பயம் போகவில்லை, பயத்தோடேயே வாயைத் திறந்து ஆம் என்றாள். கடைசியாக வந்தது எண்பத்தெட்டு மார்ச் மாதம் என்றும் சொன்னாள்.

பக்கத்தில் திரும்பிப் பார்க்கத் தைரியம் இல்லை. சந்திரிகா ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டிக்கொண்டிருந்தாள்.

கோமளம் எழுந்து போகவில்லை. நாற்காலியை இன்னும் கொஞ்சம் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"அந்தத் தேதி வேண்டாம்மா," என்றாள் சந்திரிகாவிடம். "போன ஆடி, முதல் ஞாயித்துக்கிழமைன்னு போடு. மத்தியானம் ஆத்துல தூங்கிண்டிருக்கச்சே வந்தது. நான் பக்கத்துல இருந்தேன். அவளுக்குத் தெரியாது."