இரண்டரை மணி நேரத் தாமதம்

பத்து மணிக்குத் தொடங்க வேண்டிய இதய ஆபரேஷன், பன்னிரண்டு ஆகியும் தொடங்கவில்லை.

பிறந்து பதினோரு நாளான குழந்தை. விடியற்காலையிலிருந்து பால் கொடுக்கவில்லை. அதன் அப்பா ஷானவாஸ் தியேட்டர் வாசலில் என்னை மறித்தார்.

"என்ன சிஸ்டர், கீழே பாத்திரம் கழுவுறவங்க தூங்கிட்டாங்களா?"

அவர் சொன்னது லிஸ்ஸம்மா சேச்சியை. ஆபரேஷன் கருவிகளைக் கழுவி, பெட்டியில் அடுக்கி, நீராவியில் சுத்தப்படுத்தி மேலே அனுப்புபவர். இன்று அனுப்பிய பெட்டியைத் தொடவேண்டாம் என்று போன் செய்து திருப்பி வாங்கிக்கொண்டவரும் அவர்தான். அத்தனை சின்ன நெஞ்சுக்கு எங்களிடம் இருந்ததே அந்த ஒரு பெட்டிதான்.

எனக்கே எரிச்சல். சர்ஜன் ஹரீந்திரன் சாரைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். "அந்தப் பொம்பளை"யின் கான்ட்ராக்ட் இந்த மாதத்தோடு முடிகிறதாம். இனி நீட்டிக்கக் கூடாதென்று எழுதித் தரப்போவதாகச் சொல்லிக்கொண்டே படியிறங்கினார். நானும் பின்னால் ஓடினேன்.

நீராவி மெஷினில் கோளாறா என்று சேச்சியிடம் கேட்டார். இல்லையாம். ஆவி சரியாகப் பட்டால் நிறம் மாறும் சோதனைப் பட்டை, அது மாறவில்லையா? மாறியிருந்தது. சேச்சியே எடுத்துக் காட்டினார்.

"அப்புறம் எதுக்குத் திருப்பி வாங்குனீங்க?"

"ஒரு கவ்வியோட பூட்டைத் திறந்து வெச்சேனான்னு ஞாபகம் வரலை சார். பல்லு மூடியிருந்தா உள்ளே ஆவி போகாது."

"பெட்டியைத் திறந்து பாத்தீங்கல்ல? மூடியா இருந்துச்சு?"

சேச்சி தலை குனிந்தார்.

"இல்லை சார். திறந்துதான் இருந்துச்சு."

ஒருமுறை திறந்துவிட்டால் பெட்டியின் சுத்தம் போனதுதான். கழுவுவதிலிருந்து எல்லாம் மறுபடியும். சேச்சி வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் பத்து மணிக்கே தொடங்கியிருப்போம். எதுவும் ஆகியிருக்காது. யாருக்கும் தெரிந்திருக்காது.

சார் கையிலிருந்த பேனாவைப் பையில் சொருகிக்கொண்டார். மெஷின் நிற்கும்வரை அங்கேயே நின்றார். சூடு ஆறியதும் பெட்டியை அவரே மேலே தூக்கி வந்தார்.

வாசலில் ஷானவாஸ் விடவில்லை.

"தப்புப் பண்ணினது யாரு சாரே? பேரைச் சொல்லுங்க."

"யாரும் பண்ணலை," என்றார் சார். "உங்க குழந்தைங்கிறதால, ஒருத்தங்க தன்னையே நம்ப மாட்டேன்னுட்டாங்க."